விடைத்தாளைக் கண்ணில் காட்டுங்கள்: பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைக்கும் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளையை எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்க ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைக்கிறீர்கள். அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கடிதமும் வரும். இரண்டு வருடத்துக்கு முன்பு என் மகளுக்கு வந்த கடிதத்தில், இது பாஸ் ஃபெயில் இல்லாத தேர்வு, பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்ள மட்டும்தான், இதற்கென்று தனியாகத் தயாராக வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. படித்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாளே, அதே தேர்வு எழுதப்போகும் இன்னொரு பிள்ளை ஒரு மாதமாக டியூஷன் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் எங்கே நிம்மதி? நானும் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன், இணையத்தில் கிடைத்த மாதிரித் தாள்களையெல்லாம் பிரிண்ட் எடுத்தேன், மூன்று வாரம் தினமும் ஒரு தாள் என்று அவளை உட்கார வைத்துப் போட வைத்தேன்.

தேர்வு முடிந்தது. ஒரே வரியில் முடிவு வந்தது, எந்தப் பிரிவு என்று மட்டும். விடைத்தாளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். காட்டும் வழக்கம் இல்லை என்றார்கள். சரி, எந்தப் பாடத்தில் தப்பு செய்தாள் என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதற்கும் பதில் இல்லை. அவளுக்கு எது புரியவில்லை என்பதை நான் கண்டுபிடித்தது நான்கு மாதம் கழித்து, அதுவும் தற்செயலாக.

அந்தச் சாயங்காலத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்க வந்ததெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வீட்டுப்பாடத்தில் பின்னம் வந்திருந்தது. "அரையும் முக்காலும் எவ்வளவும்மா?" என்று சும்மா வாயால் கேட்டேன். "ஒன்றேகால்" என்றாள், யோசிக்கக்கூட இல்லை. அதே கணக்கை 1/2 + 3/4 என்று தாளில் எழுதி நீட்டினேன். மேலே இருந்த ஒன்றையும் மூன்றையும் கூட்டி 4, கீழே இருந்த இரண்டையும் நான்கையும் கூட்டி 6, ஆக 4/6. அதை அழகாகச் சுருக்கி 2/3 என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள். முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முக்காலைவிடக் குறைந்து போகுமா என்று கேட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. பேச்சில் வரும் அரையும் முக்காலும் ஒரு உலகம், தாளில் கோட்டுக்கு மேலும் கீழும் உட்கார்ந்திருக்கும் எண்கள் வேறு உலகம் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். நம் மொழியில் விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முக்கால் என்றால் மூன்று கால். அரை என்றால் இரண்டு கால். மூன்று காலும் இரண்டு காலும் ஐந்து கால், அதாவது ஒன்றேகால். பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை, ஏன் ஒன்றாக்க வேண்டும், மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு என்பதெல்லாம் இதுதான், எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டாக்கிவிட்டு எத்தனை துண்டு என்று எண்ணுவது. இதை அவளே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், அப்புறம் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்ட எந்தத் துண்டு சரிப்படும் என்று அவளே தேடி, பன்னிரண்டில் வந்து நின்றாள்.

அந்த மூன்று வாரத்தில் போட்ட மாதிரித் தாள்களிலும் பின்னம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தப்பாகத்தான் போட்டிருந்தாள், பழைய தாள்களை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், விடைப் பட்டியலைப் பார்த்து, சிவப்பில் சுழித்து, சரியான விடையைப் பக்கத்தில் எழுதி, அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தேன். 'கவனமில்லை' என்று மேலே எழுதியும் வைத்திருக்கிறேன். அது கவனக்குறைவே இல்லை. தாள்தோறும் ஒரே மாதிரி வரும் தப்புக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, பிள்ளை தன் மனதுக்குள் தானே செய்துகொண்ட விதி, அதை அவள் ஒழுங்காகத்தான் பின்பற்றிக்கொண்டிருந்தாள்.

என் மகள் ஒருத்திக்கு மட்டும் இப்படியென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டில் 12/13 + 7/8 என்பது ஏறக்குறைய எவ்வளவு என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 1, 2, 19, 21 என்று விடைகள் கொடுத்திருந்தார்கள். இரண்டு பின்னமுமே கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே கூட்டினால் இரண்டுக்குப் பக்கத்தில் வரும், பென்சிலே வேண்டாம். 2 என்று குறித்தவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்று குறித்திருந்தார்கள், அதாவது மேலே உள்ளதைக் கூட்டியவர்களும் கீழே உள்ளதைக் கூட்டியவர்களும்.

பின்னத்தைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு வேறு என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறதோ என்று பயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்துக் கட்டத்தை நிரப்பச் சொன்னேன். 12 என்று எழுதினாள். பக்கத்தில் இருக்கும் ஐந்து எதற்கு என்று கேட்டால், "அது அடுத்த கணக்கு" என்றாள். இதைப் பற்றி 1999-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதே கணக்கைக் கொடுத்ததில் எல்லோருமே 12 அல்லது 17 என்றுதான் போட்டார்கள், ஒருவர்கூட சரியான விடையான 7-ஐப் போடவில்லை. சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது, கால்குலேட்டர் பொத்தான் மாதிரி. ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் இந்தக் குறியைத் தன் புத்தகத்தில் போட்டபோது இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் வேறு இருக்க முடியாது என்பதுதான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்று என்று சொல்லும் குறி அது. கூட்டல் கழித்தல் வரைக்கும் இது தெரியாமலே ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். இயற்கணிதத்தில் 2×□ + 3 = □ + 10 என்று இரண்டு பக்கமும் தெரியாத எண் வந்து நிற்கும்போதுதான் எல்லாம் சரிந்து விழும், அப்போது எல்லோரும் இயற்கணிதம் கஷ்டம் என்பார்கள். கஷ்டம் நான்கு வருடத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்தது என்பது யாருக்கும் தெரியாது.

இப்போது தயாரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஏன் தயாராக வேண்டாம் என்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு மாதம் டியூஷனில் சூத்திரங்களை உருப்போட்டு வந்த பிள்ளை மேல் பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டு, மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றும் புரியாமல் தவிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடப் பாடத்தை முன்கூட்டியே ஊட்டுவது, வேகமாகப் பெருக்கும் குறுக்குவழிகள், 'இந்த மாதிரிக் கேள்வி வந்தால் இந்த விடை' என்கிற பயிற்சி எல்லாம் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல் என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பாதியில் நான் உங்கள் பக்கம்தான்.

ஆனால் மறு பாதியையும் பாருங்கள். நீண்ட விடுமுறை முடிந்து வரும் பிள்ளைக்கு நெடு வகுத்தல் மறந்துபோயிருக்கும். மறந்த பிள்ளையும் ஒருபோதும் கற்காத பிள்ளையும் உங்கள் தாளில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள், இரண்டு பேரும் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருப்பார்கள். மறந்தவளுக்கு ஒரு வாரம் போதும், இன்னொருத்திக்கு ஒரு பருவம் வேண்டும். முன்கூட்டியே ஒரு வாரம் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் முடிவு இன்னும் உண்மையாக இருக்கும். அதோடு, தயாராக வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை நம்பியவர்கள் யார்? உங்கள் வார்த்தையை மதித்த பெற்றோர். நம்பாதவர்கள் டியூஷனுக்கு அனுப்பினார்கள். நம்பியவர்களின் பிள்ளை கீழ்ப்பிரிவுக்குப் போவது எந்த நியாயம்?

எனக்குப் பலன் தந்த தயாரிப்பு எது என்று சொல்கிறேன், மற்ற பெற்றோருக்கும் நீங்கள் இதைச் சொல்ல முடியும் என்பதற்காக. மகளுக்குச் செய்யத் தவறியதை அப்புறம் என் அக்கா மகனுக்குச் செய்து பார்த்தேன், அவனுக்கும் இதே மாதிரி ஒரு தேர்வு இருந்தது. முதல் நாள் புத்தகமே எடுக்கவில்லை. போன இரண்டு வருடப் பாடங்களிலிருந்து இருபது கணக்கு, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், ரஃப் தாளையும் கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. ரஃப் தாள்தான் முக்கியம், பிள்ளை எங்கே திரும்பினான் என்பது அதில்தான் இருக்கும். தப்பானவற்றை மட்டும் அடுத்த நாள் காலையில் எண்களை மாற்றித் திரும்பக் கொடுத்தேன். இரண்டாவது தடவை சரியாகப் போட்டால் அது கைப்பிசகு, விட்டுவிடலாம். "ஐயோ, இது தெரியும் சித்தி, மறந்துட்டேன்" என்றால் ஒரு தடவை நினைவுபடுத்தினால் போதும். அதே தப்பு அப்படியே வந்தால் அங்கேதான் உட்கார வேண்டும்.

அவனுக்கு அப்படி வந்தது குறை எண்கள். 5 − (−2) என்றால் 3 என்று எழுதினான், இரண்டு நாளும். கழித்தால் குறையத்தானே வேண்டும் என்பது அவன் வாதம், கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. எண்கோட்டில் இடம் வலம் நடக்க வைத்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. கடைசியில் கடனும் இருப்பும் என்று சொன்னபோதுதான் பிடித்துக்கொண்டான். கையில் ஏழு இருக்கிறது, இரண்டு கடன் இருக்கிறது, ஆக உன் கணக்கு ஐந்து. அந்தக் கடனை யாரோ நீக்கிவிட்டால்? "ஏழு" என்றான். கடனைக் கழித்தால் இருப்பு கூடும். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் குறை எண்களுக்கான விதிகளைச் சொல்லும்போது இதே கடனையும் செல்வத்தையும் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்புறம் படித்தேன், அன்று இரவே அவனுக்கு போன் பண்ணிச் சொன்னேன், அவனுக்கு அதில் ஒரு பெருமை.

மற்றபடி தினமும் இருபது நிமிடம், அவ்வளவுதான். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட இரண்டு வாரம் தினமும் இருபது நிமிடம் நிற்கும். தீர்த்த கணக்கைப் பார்த்துப் 'புரிகிறது, புரிகிறது' என்று தலையாட்டுவதை ஏற்றுக்கொள்ளவே இல்லை, புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். 2006-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களை முந்தினார்கள். அது உரைநடைப் பகுதியை வைத்துச் செய்தது, இருந்தாலும் கணக்கிலும் இதையேதான் வீட்டில் கண்ணால் பார்த்தேன். அப்புறம், கணக்குகளைக் கலந்து கொடுக்க வேண்டும். சதவீதம் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் எல்லாமே சதவீதக் கணக்குதான் என்று பிள்ளைக்குத் தெரியும், எண்களைப் பிடுங்கிப் போட்டுவிடுவான். தேர்வில் தலைப்பு இருக்காது. இது விகிதமா, சதவீதமா, வெறும் வகுத்தலா என்று தேர்ந்தெடுப்பதுதான் பாதிக் கணக்கு.

இதெல்லாம் எங்கள் வேலை. செய்துகொள்கிறோம். உங்களிடம் கேட்பது அதிகமில்லை.

தேர்வில் எந்தெந்தப் பகுதிகள் வரும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். மாதிரித் தாள் வேண்டாம், அனுப்பினால் நாங்கள் அதையே உருப்போட வைத்துவிடுவோம். 'பின்னங்களைக் கூட்டுதல் கழித்தல், தசமம், குறை எண்கள், ஒரு படிச் சமன்பாடு, பரப்பளவு' என்கிற அளவு போதும். கால்குலேட்டர் உண்டா, எவ்வளவு நேரம், தப்பு விடைக்கு மதிப்பெண் குறையுமா, படிகளுக்கு மதிப்பெண் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இவை ரகசியமாக இருப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. டியூஷன் மாஸ்டர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடுகிறது.

தேர்வு கணினியில் என்றால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளையிடமே சொல்லுங்கள். சில தேர்வுகளில் சரியாகப் போடப் போட அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும், தப்பாகப் போட்டால் எளிதாகும். அக்கா மகன் எழுதியது அப்படித்தான். வெளியே வரும்போது முகம் செத்துப் போயிருந்தது, "போகப் போக ஒண்ணுமே தெரியலை சித்தி" என்றான். அவன் நன்றாகச் செய்ததால்தான் கேள்விகள் அப்படி வந்தன, ஆனால் அதை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை, பாதித் தேர்வைப் பயத்தோடே எழுதியிருக்கிறான். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது என்பதும் உள்ளே போய்தான் தெரிந்ததாம். பயம் வந்தால் மனதில் எண்ணைப் பிடித்து வைக்கும் இடமே சுருங்கிவிடும், மீதி வைத்த எண் மறந்துபோகும், இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தெரியாத கேள்வியை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். மகளிடம் நான் தெரியாவிட்டாலும் எதையாவது டிக் அடித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினேன், மற்ற தேர்வுகளுக்குச் சொல்வதுபோல. அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அவள் இடத்தைக் கண்டுபிடிக்க வைக்கும் தேர்வில் குருட்டாம்போக்கில் விழுந்த சரியான விடை உங்களையும் ஏமாற்றும், அவளையும் ஏமாற்றும். 'இன்னும் கற்கவில்லை' என்று குறிக்க ஒரு கட்டம் வைத்தீர்களென்றால் பிள்ளைகள் கூச்சமில்லாமல் அதில் குறிப்பார்கள், உங்களுக்கும் வேலை மிச்சம்.

கடைசியாக, விடைத்தாள். கேள்விகளை அடுத்த வருடமும் பயன்படுத்துவீர்கள், அதனால் வெளியே விடுவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. தாளை வீட்டுக்குக் கொடுக்க முடியாவிட்டால் உங்கள் அறையிலேயே பிள்ளையைப் பத்து நிமிடம் உட்கார வைத்து அதைக் காட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் பகுதிவாரியாக ஒரு குறிப்பு: பின்னத்தில் எட்டுக்கு மூன்று, தசமத்தில் ஆறுக்கு ஆறு, இந்த மாதிரி. அந்தத் தாளில் என் மகள் பின்னங்களை எப்படிக் கூட்டினாள் என்பது உங்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். திருத்தியவர் கண்ணில் அது பட்டிருக்கும். எனக்கு அது தெரிய நான்கு மாதம் ஆனது, அந்த நான்கு மாதமும் அவள் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். "நான் கணக்குல வீக்தானேம்மா, அதான் அந்தக் கிளாஸ்ல போட்டிருக்காங்க" என்று அவள் சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. பிரிவு மாற்றத்துக்கு ஒரு நாள் குறித்திருந்தால், ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அவள் அதை அப்படி எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

இப்போது இதை எழுதக் காரணம், என் மகனுக்கும் கடிதம் வந்திருக்கிறது. வேறு பள்ளி. இன்னும் பத்து நாள் இருக்கிறது. பாடப்பகுதி என்ற இடத்தில் 'கணக்கு' என்று ஒரே சொல். மேலே கேட்டதையெல்லாம் அந்தப் பள்ளிக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று நேற்று இரவு அவனிடம் இருபது கணக்கைக் கொடுத்தேன். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்பது பதினொன்றாவது கேள்வி. 0.35 என்று எழுதியிருந்தான், முப்பத்தைந்து நான்கைவிடப் பெரியது இல்லையா என்று கேட்டான். இன்று காலை எண்களை மாற்றிக் கொடுத்தேன், அதே தப்பு. இன்றைக்குச் சாயங்காலம் அங்கிருந்து ஆரம்பிக்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா